கெட்ட வார்த்தையில் பிறந்த பாட்டு

பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் பாடுவது பிரெஞ்சுப் பாடகர்களுக்குப் பட்டாபிஷேகம் மாதிரி. எடித் பியாஃப் நின்று பாடிய மேடை அது. 1969-ல் கனடாவின் க்யூபெக் மாகாணத்திலிருந்து வந்த சுருட்டைமுடி இளைஞர் ஒருவர் அதில் ஏறினார். எலெக்ட்ரிக் கிதார் அலறியது. பாடிய மொழி பிரெஞ்சுதான் என்றார்கள். பாரிஸ் ரசிகர்களுக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதி பிடிக்கவில்லை. கூச்சல் கிளம்பியது. இளைஞர் டிரம்ஸைத் தூக்கிப் பார்வையாளர்கள் பக்கம் எறிந்தார். பட்டாபிஷேகம் அத்தோடு முடிந்தது.

ரொபேர் ஷார்லெபுவா என்கிற அந்த இளைஞருக்கு 2024-ல் 80 வயது நிறைந்தது. பாடகர், இசையமைப்பாளர், அவ்வப்போது சினிமா நடிகர், கொஞ்ச காலம் பீர் கம்பெனியின் பங்குதாரர், ஒரே ஒரு முறை தேர்தல் வேட்பாளர் என்று பல அவதாரங்கள். கனடாவுக்கு வெளியே அவர் பெயர் பிரெஞ்சு பேசும் நாடுகளைத் தாண்டி அதிகம் போகவில்லை. ஸெலின் டியோனைத் தெரிந்த அளவுக்கு உலகத்துக்கு இவரைத் தெரியாது. ஆனால் க்யூபெக்கில் பாட்டின் வரலாற்றை ஷார்லெபுவாவுக்கு முன், ஷார்லெபுவாவுக்குப் பின் என்றுதான் பிரிக்கிறார்கள். காரணம் அவருடைய குரல் மட்டுமல்ல. அந்த மக்கள் வீட்டில் பேசவே வெட்கப்பட்ட ஒரு பேச்சை அவர் மைக் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

அந்த வெட்கத்துக்கு வயது 200. 1759-ல் க்யூபெக் நகரை ஒட்டிய ஆப்ரஹாம் சமவெளியில் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் தோற்றது. பிரான்ஸ் கைகழுவிவிட்டுப் போனது. குடியானவர்கள் தங்கிவிட்டார்கள். நிலமும் மாதா கோயிலும் அவர்களுக்கு. வங்கியும் மில்லும் வியாபாரமும் ஆங்கிலேயருக்கு. இந்தப் பாகப்பிரிவினை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது. 1960களில் மத்திய அரசு நியமித்த இருமொழி, இருபண்பாட்டுக் கமிஷன் 1961 கணக்கெடுப்பைப் புரட்டிப் பார்த்தது. க்யூபெக்கில் இருந்த 14 இனப் பிரிவுகளை வருமான வரிசையில் நிறுத்தியபோது பிரெஞ்சு வம்சாவளியினர் 12ஆம் இடத்தில் இருந்தார்கள். சொந்த மாகாணத்தில் பெரும்பான்மையினராக இருந்தும் இந்த கதி. மான்ட்ரியலில் பொது இடத்தில் பிரெஞ்சு பேசினால் 'ஸ்பீக் ஒயிட்' என்ற அதட்டலைக் கேட்க நேரும். வெள்ளைக்காரர்களைப் பார்த்து வெள்ளைக்காரர்கள், வெள்ளைக்காரன் மாதிரிப் பேசு என்றார்கள்.

ஆங்கில முதலாளி ஒரு பக்கம் என்றால் பிரெஞ்சு வாத்தியார் இன்னொரு பக்கம். தொழிலாளர் குடும்பங்களில் புழங்கிய பிரெஞ்சு பழைய நார்மண்டிக் கிராமச் சொற்களும் ஆலைக்கூடத்து ஆங்கிலமும் கலந்தது. குதிரைக்கு பிரெஞ்சில் 'ஷெவால்'. அதை இவர்கள் 'ழுவால்' என்பார்கள். அந்த உச்சரிப்பே கிண்டலாகி மொத்தப் பேச்சுக்கும் பெயராகிவிட்டது. 1960-ல் ஒரு பள்ளி ஆசிரியர், கிறிஸ்தவத் துறவி, பெயர் சொல்லாமல் எழுதிய 'அநாமதேய பிரதரின் அதிகப்பிரசங்கித்தனங்கள்' என்ற புத்தகம் லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. எங்கள் பிள்ளைகள் பேசுவது மொழியே அல்ல, ழுவால் என்பது அவருடைய புலம்பல். நல்ல எண்ணத்தில்தான் எழுதினார். ஆனால் படித்த பலருக்கும் கிடைத்த செய்தி ஒன்றுதான்: வாயைத் திறக்காதே.

ஷார்லெபுவா 1944-ல் மான்ட்ரியலில் பிறந்தவர். சிறு வயதில் பியானோ. பிறகு 1962 முதல் மூன்று ஆண்டுகள் கனடாவின் தேசிய நாடகப் பள்ளியில் நடிப்புப் பயிற்சி. பாடகர் நடிகரானார் என்று இவரைப் பற்றி எழுதுவது அதனால் தலைகீழ். நடிக்கப் படித்தவர் பாட்டுக்குப் போனார். முதல் இசைத்தட்டு 1965-ல் வந்தது. அதில் அவர் மற்றவர்களைப் போலத்தான் பாடினார்.

மற்றவர்கள் என்றால், 'ஷான்சோனியே' என்று அங்கே அழைக்கப்பட்ட கவிஞர்-பாடகர்கள். கையில் சாதா கிதார், அடக்கமான வெளிச்சம், சுவரில் மீன் வலை தொங்கும் சின்ன கஃபே. பாட்டில் ஆறு, பனி, மரம் வெட்டுகிறவன், மாலுமி. இவர்களுக்கெல்லாம் மூத்தவர் ஃபெலிக்ஸ் லெக்ளேர். அடுத்த தலைமுறைக்கு ழில் விஞோ. இருவருமே அசலான கவிஞர்கள். ஆனால் மான்ட்ரியலின் கிழக்குப் பகுதியில் மூன்றாவது மாடி வாடகை வீட்டில் ரேடியோவில் பீட்டில்ஸ் கேட்டு வளர்ந்த பையனுக்கு அந்தப் பாட்டில் இடமில்லை. அவன் மரம் வெட்டியதில்லை. ஆங்கில ராக் பாட்டில் அவனுடைய தாளம் இருந்தது, மொழி இல்லை. பிரெஞ்சுப் பாட்டில் மொழி இருந்தது, அவன் இல்லை.

1967-ல் ஷார்லெபுவா கலிஃபோர்னியா போய் வந்தார். ஹிப்பிகள், மின்கிதார், சைகெடலிக் வெளிச்சங்கள் எல்லாம் உச்சத்தில் இருந்த சமயம். திரும்பியவர் வேறு ஆள். அடுத்த ஆண்டு மே மாதம் மான்ட்ரியலின் சின்னஞ்சிறு நாடக அரங்கு ஒன்றில், 'தெயாத்ர் த காட்சூ' என்ற நாலணா தியேட்டரில், நான்கு பேர் ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். ஷார்லெபுவா, பாடகி லூயிஸ் ஃபொரெஸ்தியே, நகைச்சுவைக்காரர் ஈவோன் தெஷான், நடிகை மூஃப். பின்னால் ஒரு ஃப்ரீ ஜாஸ் குழு. நாடகம் என்றும் சொல்ல முடியாது, கச்சேரி என்றும் சொல்ல முடியாது. பாட்டு, கூத்து, தனிப் பேச்சு, நையாண்டி எல்லாம் ஒரே சட்டியில். தெஷான் முதலாளி விசுவாசம் மிக்க ஒரு அப்பாவித் தொழிலாளியாக வந்து, தொழிற்சங்கத்தால் என்ன பிரயோசனம் என்று கேட்டுச் சிரிக்க வைத்தார். சிரித்து முடித்த பிறகுதான் சுருக்கென்றது.

நிகழ்ச்சியின் பெயர் 'லோஸ்டிட்ஷோ'. அந்தப் பெயரிலேயே பாதிப் புரட்சி நடந்துவிட்டது.

க்யூபெக்கில் கெட்ட வார்த்தைகள் உடலுறவு சம்பந்தப்பட்டவையோ அம்மாவைப் பற்றியவையோ அல்ல. எல்லாம் மாதா கோயில் சாமான்கள். பூசையில் வைக்கும் அப்பம், அதை வைக்கும் பேழை, திராட்சை ரசக் கிண்ணம், இவற்றின் பெயர்களைக் கோபத்தில் உச்சரித்தால் அங்கே அதுதான் வசை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பிரசவம், கல்லறை வரை பாதிரிமார் கையில் இருந்த ஊரில், அடங்கிப் போனவர்களுக்கு வாய்த்த ஒரே கலகம் அது. அப்பத்துக்கு அவர்கள் சொல் 'ஓஸ்தி'. தமிழ்க் கத்தோலிக்கர்கள் போர்த்துகீசியர் வழியாகப் பெற்று இன்றும் பக்தியோடு சொல்லும் அதே 'ஓஸ்தி'தான். லத்தீன் மூலம் ஒன்று. மான்ட்ரியல் தெருவில் அதற்கு அர்த்தம் 'எழவு', 'நாசமாய்ப் போன' என்கிற மாதிரி. அரங்கின் இயக்குனர் பால் பியூஸோனோ இந்தக் கும்பலோடு சண்டை போட்டு, உங்கள் ஓஸ்தி ஷோவை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய்த் தொலையுங்கள் என்று கத்தினாராம். அவர்கள் அந்த வசவையே பெயராக வைத்துக்கொண்டார்கள். ஷோ என்பது ஆங்கிலச் சொல், ஓஸ்தி தேவநிந்தனை, எழுத்துக்கூட்டல் இலக்கணப் பிழை. பாதிரியார், ஆங்கில முதலாளி, பிரெஞ்சு வாத்தியார் மூவருக்கும் ஒரே அடியில் பதில்.

அந்த ஆண்டு வெளியான 'லிண்ட்பெர்க்' பாட்டுதான் ஷார்லெபுவாவின் கையெழுத்து. வார்த்தைகள் க்ளோத் பெலோகேனுடையவை. காதலியோடு சண்டை போட்டுக்கொண்டு விமானத்தில் கிளம்பிப்போன ஒருவன் உளறுகிற மாதிரி அமைந்தது. வழியில் விமானக் கம்பெனிகளின் பெயர்களை மந்திரம் போல அடுக்கிக்கொண்டே போவான். கூடவே ஃபொரெஸ்தியேயின் குரல் ஆகாயத்தில் வட்டமிடும். கதை என்று எதுவும் இல்லை. ஆனால் முதல் முறையாக ஒரு க்யூபெக் பாட்டு ஆற்றங்கரையை விட்டு ஏர்போர்ட்டுக்குப் போனது. தெருவில் பேசுகிற பேச்சிலேயே போனது. பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் நடந்த பிரெஞ்சுப் பாட்டு விழாவில் முதல் பரிசும் வாங்கியது. அதே 1968 ஆகஸ்டில் மிஷெல் த்ராம்ப்ளேயின் 'மைத்துனிகள்' நாடகம் மான்ட்ரியலில் மேடையேறியது. 15 பெண்கள் ஒரு சமையலறையில் உட்கார்ந்து ழுவாலில் வாழ்க்கையைக் கிழித்துக் காயப்போடும் நாடகம். பாட்டிலும் நாடகத்திலும் அணை ஒரே கோடையில் உடைந்தது.

கொண்டாட்டம் எல்லோருக்கும் இல்லை. மொழியைக் காப்பாற்ற வேண்டும் என்று உண்மையிலேயே கவலைப்பட்டவர்களின் கேள்வி நியாயமானது. 60 லட்சம் பேர், சுற்றிலும் 20 கோடிக்கு மேல் ஆங்கிலம் பேசுகிறவர்கள். இந்த நிலையில் பாதி ஆங்கிலம் கலந்த பேச்சை இலக்கியமாக்கினால் மிச்சப் பாதியும் போய்விடாதா? 1972-ல் 'மைத்துனிகள்' பாரிஸுக்குப் போகப் பண உதவி கேட்டபோது மாகாணத்தின் கலாசார அமைச்சர் மறுத்துவிட்டார். இந்த பாஷையைப் போய் பாரிஸில் காட்டுவதா என்ற கூச்சம்தான். ஷார்லெபுவா இதற்குக் கட்டுரை எழுதிப் பதில் சொல்லவில்லை. அதே காலத்தில் அவர் ரேம்போவின் கவிதைக்கும் மெட்டுப் போட்டுப் பாடினார். ரேம்போவைப் பாடுகிற வாய்தான் ஓஸ்தியும் சொல்லும் என்றால், ழுவால் பேசுவது தெரியாத்தனத்தால் அல்ல என்று ஆகிவிடுகிறதே. விவாதத்தில் வலுவான வாதம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அரசியலிலும் அவருடைய வழி கோமாளி வழி. 1968 தேர்தலில் காண்டாமிருகக் கட்சியின் வேட்பாளராக நின்றார். ழாக் ஃபெரோன் என்ற டாக்டர்-எழுத்தாளர் 1963-ல் ஆரம்பித்த கேலிக் கட்சி இது. பிரேசிலின் சாவ் பாலோ நகரசபைத் தேர்தலில் 1959-ல் வோட்டர்கள் எரிச்சலில் ஒரு மிருகக்காட்சிசாலைக் காண்டாமிருகத்துக்கு வாக்களித்துத் தள்ளியதுதான் முன்னுதாரணம். ஷார்லெபுவா ஜெயிக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

சினிமா அவரை முதலில் சரியாகவே பயன்படுத்தியது. ழான் பியேர் லெஃபெவ்ர் இயக்கத்தில் தேசியத் திரைப்பட வாரியம் 1968-ல் தயாரித்த 'ழுஸ்கோ கேர்' (இதயம் வரை) படத்தில் அவர்தான் நாயகன், மூஃப் ஜோடி. சண்டை போட மறுக்கிற ஓர் இளைஞன். அவனை ஆபரேஷன் செய்தாவது போர்வெறி பிடித்தவனாக மாற்ற முயல்கிறது சமூகம். வியட்நாம் காலத்துப் படம். கதையை விட விளம்பரங்கள், வண்ணங்கள், திடீர்ப் பாட்டுகள் என்று துண்டு துண்டாக ஓடும். சில இடங்களில் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் மேடையில் இருந்த அதே ஆள், அதே குறும்பு, அதே பேச்சு திரையில் இருக்கிறது. 1970-ல் அவர் இசையமைத்த 'தெ ஃபாம் ஆன் ஓர்' புறநகர் இல்லத்தரசிகள் இருவரின் சரசக் கதை. மாகாணமே வரிசையில் நின்று பார்த்தது. பாதிரிமார் காலம் மலையேறிவிட்டதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அடுத்து வந்த ஆண்டுகள் ஏறுமுகம். 1970-ல் போலந்தின் ஸொப்போட் பாட்டு விழாவில் 'ஓர்டினேர்' முதல் பரிசு பெற்றது. மூஃப் எழுதிய பாட்டு. சாதாரண ஆள் ஒருவன் பாட்டுக்காரனாகி, இந்தக் கைதட்டல் நின்றுபோகிற நாளை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கிறான். பியானோவோடு ஏறக்குறைய பேச்சாகத் தொடங்கி மெல்ல மெல்ல உயரும். ஷார்லெபுவாவுக்குள் இருந்த நடிகரை முழுசாகப் பார்க்க வேண்டும் என்றால் எந்தப் படத்தையும் விட இந்தப் பாட்டைத்தான் பார்க்க வேண்டும்.

1974 ஆகஸ்ட் 13 இரவு அவருடைய வாழ்க்கையில் மட்டுமல்ல, க்யூபெக்கின் வாழ்க்கையிலும் குறித்து வைக்கப்பட்ட இரவு. பிரெஞ்சு பேசும் நாடுகளின் இளைஞர் விழாத் தொடக்கத்தில் ஒரே மேடையில் மூன்று பேர். லெக்ளேருக்கு 60 வயது, விஞோவுக்கு 45, ஷார்லெபுவாவுக்கு 30. முன்னால் லட்சத்துக்கும் மேல் ஜனம். இடம், 215 ஆண்டுகளுக்கு முன் தோற்ற அதே ஆப்ரஹாம் சமவெளி. ஆற்றங்கரைப் பாட்டும் ஏர்போர்ட் பாட்டும் ஒன்றுக்கொன்று விரோதி இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. வயதானவர் இளையவரின் ராக்குக்குத் தலையாட்டினார். இளையவர் கத்துவதை நிறுத்திப் பெரியவர்களோடு குரல் சேர்த்தார். அந்த இரவின் பதிவு 'ஓநாயைப் பார்த்தேன், நரியைப் பார்த்தேன், சிங்கத்தைப் பார்த்தேன்' என்ற பெயரில் இசைத்தட்டாக வந்தது. மூன்று மிருகங்களில் யார் எது என்று இன்றும் விளக்கம் சொல்வார்கள்.

மறு ஆண்டு வந்தது அவருடைய மிகப் பெரிய சினிமா வாய்ப்பு. 'ஒரு மேதை, இரண்டு கூட்டாளிகள், ஒரு ஏமாளி' என்ற இத்தாலிய கௌபாய் படம். தயாரிப்பு செர்ஜியோ லியோனே. முதல் காட்சியை அவரே இயக்கினார். மற்றதை இயக்கியவர் தாமியானோ தாமியானி. இசை என்னியோ மோரிகோனே. நாயகன், 'டிரினிட்டி' படங்களால் இந்தியத் தியேட்டர்களிலும் விசில் வாங்கிய டெரன்ஸ் ஹில். ஜோடி மியூ-மியூ, ஒரு காட்சியில் கிளவுஸ் கின்ஸ்கி. இந்தக் கூட்டத்தில் ஷார்லெபுவா, ஹில்லின் கூட்டாளி 'லோகோமோட்டிவ் பில்'. அமெரிக்காவின் மான்யுமென்ட் வேலியில் குதிரை ஏறி, மோசடி செய்து, உதை வாங்குகிறார். பொருத்தமான முகம், சுறுசுறுப்பு, எல்லாம் இருக்கிறது. ஒன்றுதான் இல்லை. அன்றைய இத்தாலியப் படங்களுக்கு வசனம் பின்னால்தான் சேர்ப்பார்கள், நாட்டுக்கு நாடு வேறு வேறு குரலில். நாக்கை மூலதனமாக வைத்துப் பிழைத்த மனிதரை, நாக்கைக் கழற்றி மாற்றுகிற தொழிற்சாலைக்குள் அனுப்பினால் என்ன மிஞ்சும்? சுருட்டைமுடி மிஞ்சியது. படத்துக்கும் நேரம் சரியில்லை. 1975-ல் ரோம் நகர லேபிலிருந்து நெகட்டிவ்கள் திருடு போயின. பசோலினி, ஃபெலினி படங்களின் சுருள்களும் அதே திருட்டில் சிக்கின. ஒதுக்கி வைத்திருந்த டேக்குகளை வைத்து ஒப்பேற்றினார்கள். பார்த்தால் தெரிகிறது.

பிறகும் நடித்தார். 1986-ல் மட்டும் இரண்டு பிரெஞ்சுப் படங்கள். மிஷெல் த்ராஷின் 'சோவ்-துவா, லோலா'வில் நாயகி அவருடைய ஊர்க்காரர் கரோல் லோர். இவரும் க்யூபெக்கின் நடிகை-பாடகிதான். ஆனால் சினிமாவில் ஆரம்பித்துப் பாட்டுக்கு வந்தவர். இன்னொன்று, பெர்னார் ஜிரோதோ நடித்த 'லே லான் மான்ட்டோ'. இரண்டிலும் ஷார்லெபுவா குறை சொல்ல முடியாத துணை நடிகர். ஒலிம்பியாவில் டிரம்ஸை எறிந்த ஆள்தான் இவர் என்று தெரியாதவர்களுக்கு அவர் இன்னொரு நடிகர், அவ்வளவுதான்.

ஒலிம்பியா கதை வேறு மாதிரி திரும்பியது. சில வருடங்களில் அதே பாரிஸ் அவரை அதே மேடைக்கு அழைத்தது. இந்த முறை எழுந்து நின்று கைதட்டியது. பாரிஸ் மாறியதா, அவர் மாறினாரா? இரண்டும்தான். 1976-ல் வந்த 'மான்ட்ரியலுக்குத் திரும்புவேன்' பாட்டில் மறுபடியும் விமானம் வருகிறது. ஆனால் இந்த விமானம் ஊரை விட்டு ஓடவில்லை. பனிக்கும் குளிருக்கும் ஏங்கி வீட்டுக்குத் திரும்புகிறது. பாஷையில் கரடுமுரடு குறைந்தது, மெட்டு வழுக்கிக்கொண்டு போனது. அதே ஆண்டு நவம்பரில் பார்ட்டி கெபெக்குவா ஆட்சியைப் பிடித்தது. மறு ஆண்டு 101ஆம் சட்டம் பிரெஞ்சை அலுவலகத்துக்கும் ஆலைக்கும் கடைப் பலகைக்கும் மொழியாக்கியது. சட்டமே காவலுக்கு வந்துவிட்ட மொழிக்கு இனி கெட்ட வார்த்தை சொல்லிக் காவல் காக்க வேண்டிய அவசியமில்லை. 1983-ல் 'பைத்தியம் போல உன்னைக் காதலிக்கிறேன்' என்று அவர் குழைந்தபோது ரேடியோக்கள் கொண்டாடின. 1968 ஆசாமிகள் முகம் சுளித்தார்கள். புகாரில் உண்மை இருக்கிறது. அவருடைய பிற்காலத் தட்டுகளில் பல, கேட்க இதமானவை, நினைவில் நிற்காதவை. ஆனால் 40 வயதில் ஒருவர் 24 வயதுக் கோபத்தை நடித்துக் காட்டியிருந்தால் அது அதைவிட மோசமாக இருந்திருக்கும்.

1990களின் தொடக்கத்தில் ஷாம்ப்ளி ஊரின் யூனிபுரூ பீர் கம்பெனியில் பங்குதாரராகி அதன் முகமாகவும் ஆனார். கம்பெனியின் ஒரு பீருக்குப் பெயர் 'சபிக்கப்பட்டவள்', இன்னொன்றுக்கு 'உலக முடிவு'. 2004-ல் கம்பெனி கைமாறியது. அவருக்கு நல்ல லாபம் என்கிறார்கள். அதே 1990களில் பிரெஞ்சு அகாதெமி, அதாவது அகராதிக்கும் இலக்கணத்துக்கும் நாலு நூற்றாண்டாகக் காவல் காக்கும் மகாசபை, பிரெஞ்சுப் பாட்டுக்குச் செய்த தொண்டுக்காக அவருக்குப் பதக்கம் கொடுத்தது. ஓஸ்தி ஷோவின் நாயகன் அதை மறுக்கவில்லை.

'ஓர்டினேர்' பாட்டை 2016-ல் ஸெலின் டியோன் தன் ஆல்பத்தில் பாடினார். ஷார்லெபுவாவும் விடவில்லை. 2019-ல் புது ஆல்பம். 80ஐ நெருங்கும் வயதில் 'ராபர்ட் இன் சினிமாஸ்கோப்' என்கிற தொனியில் 'ரொபேர் ஆன் ஷார்லெபுவாஸ்கோப்' என்று பெயர் வைத்த நிகழ்ச்சியோடு ஊர் ஊராகப் போனார். அரங்கத்தின் பின்னால் ராட்சதத் திரை. அதில் படங்கள் ஓடிக்கொண்டிருக்கும். முன்னால் வெள்ளைச் சுருட்டைமுடியோடு அவர் பியானோவில் உட்கார்ந்து, இரசிகர்கள் கைவிடப்போகும் நாளைப் பற்றி 1970-ல் பாடிய அந்தப் பாட்டைப் பாடுவார். அரங்கம் முழுக்கக் கூடவே பாடும்.